பானகச் சொம்பில் ஜின்

ஐஸ் வாங்கிக்கொண்டு திரும்பும் மகாராஜாவுக்கு,

சிங்கப்பூர் துரைகள் குடிக்கிற ஜின் கலவையை வீட்டிலேயே செய்கிறேன் என்றீர்கள். சிவப்புப் பாகு கிடைக்காமல் அன்னாசிச் சாற்றில் வெல்லப்பாகு ஊற்றுகிற துரையை இன்றுதான் பார்க்கிறேன். அதை வைக்க ராமநவமிப் பானகச் சொம்புதான் அகப்பட்டதா?

ஹோட்டல் காபியே அனாசாரம் என்கிற உங்கள் சித்தப்பா வந்தார். நீங்கள் கரைத்து வைத்த பானகம் என்று நம்பிக் கொடுத்தேன். "பேஷ்! சுக்கு தூக்கலா இருக்கு, இன்னும் கொஞ்சம் விடும்மா" என்றார். இப்போது ஊஞ்சலில் குறட்டை. எழுந்தால் மோர் கொடுங்கள். வடைப்பருப்பு மூடி வைத்திருக்கிறது.

சொம்பைப் பிறகுதான் முகர்ந்தேன். தீட்டுப் போகக் காவேரியில் முழுகிவிட்டு வருகிறேன்.

குமுதவல்லி

இன்னொன்று: சித்தப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். பெருமாளிடம் நீங்கள் சொல்லுங்கள். நைவேத்தியம் ஆகும்முன் எதையும் முகர்ந்து பார்க்கிற வழக்கம் எனக்கில்லை. முதலில் அமுது செய்தவர் பெருமாள்தான்.