மழை பெய்தால் எனக்கு வேலை

செப்டம்பர் 8, திங்கள்

வெயில். காலை ஏழுக்கே சட்டை முதுகோடு ஒட்டுகிறது. ஏழாயிரம்பண்ணைக்கு வந்து நாலாவது நாள். மூட்டை பாதிகூடப் பிரிக்கவில்லை.

உடைந்தவை: கட்டில் கால், மிக்ஸி ஜார் மூடி, பாப்பாவின் சைக்கிள் கைப்பிடி. காணாதவை: ஜன்னல் திரைகள், என் நல்ல செருப்பு. கோயம்புத்தூரில் ஏற்றும்போது லாரிக்காரர், "உங்க சாமான் எங்க வீட்டுச் சாமான் மாதிரி சார்" என்றார். இப்போது போனை எடுப்பதில்லை. அவர் வீடு எந்த லட்சணத்தில் இருக்கிறதோ.

ஜெசிக்கு எட்டு மணிக்கு டியூட்டி. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். இத்தனை வருஷம் காண்ட்ராக்டில் அல்லாடியவளுக்கு நிரந்தர வேலை. சந்தோஷம்தான், இல்லை என்று யார் சொன்னது? "சிவகாசி பக்கம்தானே, பிரஸ் ஊர்ல டிசைனருக்கா வேலை இல்ல?" என்று வீரமாகச் சொல்லிவிட்டு என் வேலையை விட்டவன் நான். பதினோரு மணிக்கு பாப்பாவின் பின்னாலேயே ஒரு இட்லியோடு அலைந்தவனும் நான்.

டீக்கடையில் எனக்குப் பெயர் கிடையாது. நர்சம்மா வீட்டுக்காரர். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "பொண்டாட்டி வேலைக்கு, இவுக வீட்டுக்கு. குடுத்து வச்ச மனுசன்." டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீடு வந்த பிறகுதான் பால் பாக்கெட் வாங்கப் போனது நினைவு வந்தது.

செப். 10, புதன்

வெயில். கேஸ் இணைப்பு இன்னும் மாறவில்லை. கரண்ட் அடுப்பு. கரண்டும் இல்லை.

சிவகாசி பிரஸ் ஒன்றிலிருந்து போன்! காலண்டர் சீசன், ஆள் போதவில்லையாம். மேனேஜர்: "ஒரு நாளு வந்து உக்காந்து வேலையக் காட்டுங்க. பிடிச்சா சேத்துக்கிடுவோம்." துள்ளாத குறை. பிறகு பாப்பா தரையில் பேஸ்ட்டைப் பிதுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

மூன்று வயது ஆகப்போகிறது. அங்கன்வாடியில் நேற்றும் இன்றும் விட்டுப் பார்த்தேன். வாந்தி எடுக்கிற அளவுக்கு அழுகை. என் அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆகி படுக்கை. ஜெ.க்கு அம்மா இல்லை. அவள் காலையில் போனால், திரும்புவது பிரசவத்துக்கு வருகிறவர்களின் கையில்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்குமா என்று எதிர்வீட்டு முத்துமாரியிடம் கேட்டேன். அவருக்குத் தரைச்சக்கரம் செய்கிற பட்டாசுக் கம்பெனியில் வேலை. "ஆளு கிடைக்காது அண்ணாச்சி. அம்புட்டு பேரும் கம்பெனிக்குப் போறாக. தீவாளி வரைக்கும் ஒருத்தரும் அசைய மாட்டாக."

நீங்களே பார்த்துக்கொள்ளுங்களேன், கம்பெனிக் கூலியை நான் தருகிறேன் என்றேன்.

"சீசன் நடுவுல நின்னா போனஸ் போயிருமே. மவளுக்கு காலேஜ் பீசு அதுலதான் கட்டணும்."

காலை ஆறரைக்குக் கம்பெனி வேன் போன பிறகு தெருவில் நான், பாப்பா, நாலு கோழி.

செப். 12, வெள்ளி

மழை! விடிந்ததும் பிடித்தது. ஒன்பது மணிக்கு வேன் திரும்பி வந்தது. மழை பெய்தால் பட்டாசு வேலை கிடையாதாம். மருந்து ஈரமாகும், சக்கரம் காயாது, இடி விழுமோ என்ற பயம் வேறு. செய்த உருப்படிக்குத்தான் கூலி. செய்யாத நாளில் ஒன்றும் இல்லை.

முத்துமாரி முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "பிள்ளைய விட்டுட்டு நீங்க கிளம்புங்க அண்ணாச்சி. நான் சும்மாதான இருக்கேன்."

ஓடினேன். ஒரு நகைக்கடைக் காலண்டர், இரண்டு விசிட்டிங் கார்டு. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "கை சுத்தமா இருக்கு. நாளைக்கும் வந்துருங்க." சாயங்காலம் வந்தால் பாப்பா எண்ணெய் வைத்த தலையும் இரட்டைச் சடையுமாக, முத்துமாரி அத்தை மடியில் தூக்கம். ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன். முத்துமாரி மட்டும் வாசலுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். "நாளைக்காவது மழை வெறிக்கணும்."

செப். 13, சனி

வெயில். பளீரென்று. போகவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பொய்.

செப். 15, திங்கள்

வெயில். கட்டில் காலுக்குச் செங்கல். மேனேஜர் போனில்: "வாரீகளா, வரலையா? புதன்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற ஆளப் போட்டுருவேன், வருத்தப்படக் கூடாது."

ஜெ. வந்ததும் சண்டை.

"இப்ப என்ன, நான் வேலைய விடணுமா?"

"விடுன்னு சொன்னேனா?"

"வாய் சொல்லல. மூஞ்சி சொல்லுது."

சொல்லத்தான் செய்தது. இந்த ஊரும் வேண்டாம், இந்த வெயிலும் வேண்டாம். ஆனால் அவள் யூனிபார்மை அயர்ன் செய்யும்போது முகத்தில் தெரிகிற அந்தப் பெருமையைக் கெடுக்க எனக்கு மனசு வராது. அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது.

செப். 16, செவ்வாய்

வெயில். பாப்பா சுவரில் கிறுக்கல். வீட்டு ஓனர் வந்து பார்த்துவிட்டார்.

சாயங்கால ஜெபம் இன்று என் முறை. வேலை, சுகம், பயணப் பாதுகாப்பு எல்லாம் வழக்கம்போலச் சொல்லி, கடைசியில் வாய்விட்டே கேட்டுவிட்டேன். "ஆண்டவரே, நாளைக்கு ஒரு நாள் மழை தாரும்." ஜெ. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். பாப்பா தெருவுக்கே கேட்கிற மாதிரி ஆமென்.

செப். 17, புதன்

விடியும்போதே மேகம். பால் வாங்கப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். வேன் நிற்கிற இடத்தில் தூக்குவாளிகளோடு பெண்கள், எல்லாரும் அண்ணாந்து பார்த்தபடி. "பொழுது ஏறுறதுக்குள்ள கலைஞ்சிரும்க்கா." "கலையணுமே."

முத்துமாரியைக் கண்டதும் பாப்பா என் கையில் நிற்காமல் துள்ளினாள். "அத்தே! இன்னைக்கு மழ வரும். அப்பா ஜீசஸ்கிட்ட கேட்டாங்க. நான் ஆமென் சொன்னேன்!"

ஒருத்தி சிரித்தாள். பக்கத்தில் யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டாள். இன்னொரு அம்மா, "நல்லாத்தான் கேட்டிருக்கீக அண்ணாச்சி" என்றார். பாப்பாவின் வாயைப் பொத்தத் தோன்றியது. அவள் மேல் என்ன தப்பு? முத்துமாரி தூக்குவாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். வேன் வந்தது, ஏறிக்கொண்டார். அவமானம். பால் வாங்காமலே திரும்பினேன்.

வேண்டாம், பெய்ய வேண்டாம் என்று வாசலில் நின்று கேட்டேன். இதையும் மனசாரக் கேட்டேனா, தெரியவில்லை.

எட்டரைக்குப் பிடித்துக் கொட்டியது. வேன் திரும்பிய சத்தம் கேட்டதும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். மேனேஜர் இரண்டு முறை போன். எடுக்கவில்லை. கதவு தட்டல். முத்துமாரி, தலையிலிருந்து கால்வரை ஈரம், கையில் திறக்காத தூக்குவாளி.

"பிள்ளையக் குடுங்க. பஸ் போயிரும்."

"இல்ல, இன்னைக்கு நான்..."

"குடுங்க அண்ணாச்சி."

என் முகத்தைப் பார்க்கவில்லை. பாப்பா தானே தாவிப் போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அத்தே, மழ வந்துருச்சு பாத்தீங்களா?"

"பாத்தேன் தங்கம்."

பஸ் கிடைத்தது.