படலை திறந்து கிடந்த சனிக்கிழமை

மச்சாள்,

இன்று காலை மெல்பேர்னில் இந்த வருடத்தின் முதல் குளிர். ஆர்ச்சியின் கம்பளிச் சட்டையைத் தேடி அலுமாரியைத் திறந்தேன். போன குளிர்காலம் முடிந்ததும் தோய்க்காமலே மடித்து வைத்துவிட்டேன் போலிருக்கிறது. விரித்ததும் நீங்கள் முழங்காலுக்குத் தேய்க்கும் எண்ணெயின் மணம் வந்தது. பின்னேரங்களில் அவன் உங்கள் மடியில் தலையை வைத்துக் கிடந்து ஏற்றிக்கொண்ட மணம். சட்டையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். அவன் பொறுமையாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குப் போர்த்திவிட்டேன். டண்டினொங்குக்கு வேலைக்குப் போக இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது. அதற்குள் உங்களுக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போய் ஏழு மாதமாகிறது.

மகள் மதுரா இரண்டு வருடமாக நாய் கேட்டுக்கொண்டிருந்தாள். பந்தயம் ஓடி முடித்த கிரேஹவுண்ட் நாய்களுக்கு வீடு தேடிக் கொடுக்கும் ஓரிடத்தைக் கடைசியில் அவளே கண்டுபிடித்தாள். பின்னங்கால் முறிந்ததால் நான்கு வயதிலேயே ஓட்டத்தை விட்டவன் ஆர்ச்சி. காதுக்குள் பச்சை குத்திய இலக்கம் இருந்தது. பிறந்ததிலிருந்து கூண்டையும் ஓட்டப்பாதையையும் தவிர வேறெதையும் அவன் கண்டதில்லை என்று அங்கிருந்த பெண் சொன்னாள். வந்த அன்றே பின்பக்கக் கண்ணாடிக் கதவில் மூக்கை மோதிக்கொண்டான். உடுப்புத் தோய்க்கும் மெசின் சுற்றத் தொடங்கியதும் நடுங்கினான். குசினியின் வழுக்குத் தரையில் கால் வைக்கப் பயந்து வாசலிலேயே நின்றான்.

நீங்கள் உங்கள் அறைக் கதவைத் திறந்து அவனைப் பார்த்தீர்கள்.

“இது பட்டினி கிடந்த நாய்,” என்றீர்கள். “விலா எலும்பெல்லாம் தெரியுது. என்னால இதைப் பாக்கேலாது.”

“இந்த இனமே இப்பிடித்தான், அக்கா,” என்றார் உங்கள் தம்பி. “கடைசி ரெண்டு மூண்டு எலும்பு தெரிஞ்சால்தான் சுகமா இருக்கெண்டு அர்த்தமாம். நாய் டொக்டர் சொன்னவர்.”

நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். அடுத்த இரண்டு மாதமும் அந்தக் கதவு அநேகமாகச் சாத்தியே கிடந்தது. அவன் குசினிப் பக்கம் நின்றால் நீங்கள் தேத்தண்ணிக்குக்கூட வருவதில்லை. சாப்பாட்டை அறைக்குள்ளேயே கொண்டுபோய்ச் சாப்பிட்டீர்கள். மதுரா அவனுக்கு ‘ஆர்ச்சி’ என்று பெயர் வைத்தது உங்களுக்கு இன்னும் கோபம். “கடுவன் நாயைப் போய் ஆச்சி எண்டு கூப்பிடுறதோ?” என்று ஒரே ஒருமுறை கேட்டீர்கள். வீடு சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை.

நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாமலில்லை. தாயில்லாத தம்பியை, என் கணவரை, வளர்த்தவர். யுத்தத்தில் கணவரையும் வீட்டையும் இழந்தவர். ஏழு வருடம் விசாவுக்குக் காத்திருந்து எங்களிடம் வந்தவர். அப்போது வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அவ்வளவும் தெரிந்தும் எனக்குக் கோபம் வந்தது. பண்டகசாலையில் பத்து மணித்தியாலம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் ஒரு பக்கம் மதுராவின் அழுகை, மறுபக்கம் உங்கள் மூடிய கதவு. ஒரு சனிக்கிழமை காலை அந்தக் கோபம் வாய்க்கு வந்துவிட்டது.

“பிள்ளையிட்ட இருந்து நாயைப் பறிக்கேலாது,” என்று உங்கள் தம்பியிடம் சொன்னேன். “ரெண்டு பேரும் ஒரு வீட்டில இருக்கேலாது. அக்காவுக்கு எங்கையாவது ஒரு யூனிட் வீடு பாருங்கோ.”

அவர் முகம் வெளிறிப்போனது. “மெல்லக் கதை,” என்றார். நீங்கள் குளிக்கிறீர்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

அன்று மத்தியானம் மூவரும் உணவு வாங்கப் போய்விட்டு வந்தோம். காரிலிருந்து முதலில் இறங்கிய மதுரா கத்தினாள். “மம், கேற் ஓபின்! ஹீ இஸ் கோன்!” வீட்டின் பக்கவாட்டுப் படலை விரியத் திறந்து கிடந்தது. ஆர்ச்சி இல்லை.

அந்த நாய்களை ஒருபோதும் கயிறில்லாமல் வெளியே விடாதீர்கள் என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். ஓடத் தொடங்கினால் கூப்பிடுவது காதில் விழாது, வாகனம் என்றால் என்னவென்றும் தெரியாது. எங்கள் தெருவின் ஒரு முனையில் பெருவீதி, மறுமுனையில் ரயில் பாதை. உங்கள் தம்பி காரில் சுற்றினார். நானும் மதுராவும் ஓடை வரை ஓடினோம். கண்டவர்களிடமெல்லாம் கேட்டோம். ஒருவர் பூங்காவில் கண்டதாகச் சொன்னார். போனால் அது வேறு யாருடையவோ நாய். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தபோதுதான் பார்த்தேன், உங்கள் அறைக் கதவு திறந்திருந்தது. நீங்கள் இல்லை. வாசலில் உங்கள் செருப்பும் இல்லை. மேசையில் கைத்தொலைபேசி மட்டும் கிடந்தது.

தனியே பஸ் ஏறத் தெரியாத உங்களைக் காணவில்லை என்று உங்கள் தம்பியிடம் தொலைபேசியில் சொன்னதும் அவர் காரைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் தேடப் போனார். காலையில் நான் சொன்ன சொல் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. உங்களுக்கு ஏதாவது நடந்திருந்தால் இந்த வீட்டில் என்னால் பிறகு எப்படி இருந்திருக்க முடியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஐந்தரை மணிக்குத் தெருமுனையில் உங்களைக் கண்டேன். நீலச் சேலை. ஒரு கால் நொண்டல். உங்கள் சால்வை ஆர்ச்சியின் கழுத்துப் பட்டியில் முடிச்சுப் போட்டிருந்தது. மறுமுனையை இரண்டு சுற்றாகக் கையில் சுற்றிப் பிடித்திருந்தீர்கள். அவன் உங்கள் இடுப்போடு ஒட்டி, உங்கள் நடைக்கு நடை வைத்து வந்துகொண்டிருந்தான். மதுரா ஓடிப்போய் இருவரையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தாள். நான் மதிலோரத்தில் குந்திவிட்டேன்.

ஸ்பிரிங்வேல் கடைத்தெருவுக்கு நடந்தே போயிருக்கிறீர்கள். “இறைச்சி மணக்கிற இடத்துக்குத்தானே நாய் போகும்,” என்றீர்கள். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. இறைச்சிக் கடையின் பின்பக்கம், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில், நடுங்கிக்கொண்டு நின்றானாம். கடைக்காரர்கள் பிடிக்கப் போகப் போக விலகி ஓடினானாம். வேறு வழியில்லாமல் நீங்கள் உரத்துக் கூப்பிட்டீர்களாம், “ஆச்சி! ஆச்சி!” என்று.

“அங்கை நிண்ட ஒரு வயது போன தமிழ் மனுசி திரும்பி, ‘என்ன பிள்ளை?’ எண்டு கேக்கிறா,” என்றீர்கள். அதைச் சொல்லும்போது உங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இந்த வீட்டில் நீங்கள் வாய்விட்டுச் சிரித்ததை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் நேரே வந்து உங்கள் மேல் சாய்ந்துகொண்டானாம். முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்தானாம்.

உங்கள் குதிக்காலில் தோல் உரிந்து இரத்தம் வந்திருந்தது. குளியலறையில் உங்களைக் கதிரையில் இருத்திவிட்டு, வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்து உங்கள் காலைக் கழுவினேன். மற்றவர்கள் ஆர்ச்சியுடன் கூடத்தில் நின்றார்கள். நீங்கள் மெல்லிய குரலில் சொன்னீர்கள்.

“வாணி, படலையை நான்தான் திறந்து விட்டனான்.”

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“காலமை நீர் சொன்னது எனக்குக் கேட்டது. ரெண்டு பேரில ஒராள்தான் நிக்கலாம் எண்டால், எனக்கு இனிப் போக இடமில்லை. அது ஓடக்கூடிய நாய்தானே, எங்கையாவது ஓடிப் பிழைச்சிடும் எண்டு நினைச்சன். போன பிறகுதான் நெஞ்சு இடிக்கத் தொடங்கினது. அதுக்கும் போக இடமில்லையே.”

பிறகு, நான் ஒருபோதும் கேட்டிராத ஒன்றைச் சொன்னீர்கள். யுத்தத்தின் கடைசி மாதங்களில் ஊரை விட்டு நடந்தபோது தெருவில் நின்ற நாய்களைப் பற்றி. அவையும் இப்படித்தான் எலும்பும் தோலுமாக நின்றன என்றீர்கள். அவை பசிக்கு என்ன தின்றன என்று சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்டீர்கள். “இதைப் பாக்கேக்கை எனக்கு அதுகள்தான் தெரியும். இவன் ஒரு பிழையும் செய்யேல்லை,” என்றீர்கள்.

இரண்டு மாதமாக ஒரு பிடிவாதக்காரி என்று நினைத்து நான் கோபித்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

“நான் சொன்னது பெரிய பிழை, மச்சாள்,” என்றேன். “இது உங்கட வீடு. ஒருத்தரும் உங்களைப் போகச் சொல்லேலாது. நானும் சொல்லேலாது.”

“நானும் பிழைதான் செய்தனான்,” என்றீர்கள். “பிள்ளைக்குச் சொல்லப்போறீரோ?”

“விருப்பமெண்டால் நீங்கள் சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன்.”

ஈரக் கையோடு உங்கள் காலைப் பிடித்தபடி நான் அழுதேன். நீங்கள் என் தலையில் கை வைத்தீர்கள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு எனக்கு அப்படி மூச்சு விட முடிந்தது! அடுத்த நாளே நீங்களாகவே மதுராவிடம் சொல்லிவிட்டீர்கள். அவள், “பட் யூ வென்ட் அன்ட் கொட் ஹிம், மாமி,” என்றாளாம். அதோடு முடிந்தது.

ஒரேயடியாக எல்லாம் மாறிவிடவில்லை. அவன் எலும்பைப் பார்த்தால் நீங்கள் பல நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். பிறகு ஒருநாள் குசினி வாசலில் குனிந்து, அவன் விலாவில் விரல் வைத்து எண்ணினீர்கள். “ஓம், மூண்டுதான்,” என்றீர்கள். அவன் வழுக்கி விழாமல் குசினிக்குள் வர உங்கள் பழைய சேலைகளை மடித்துத் தைத்து வழி நீளத்துக்கு விரித்தீர்கள். பின்னேரம் அவனைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கு நடப்பது உங்கள் வேலையானது. தனியே வாசல் தாண்டாத நீங்கள் ஸ்பிரிங்வேலில் பாதிப் பேருக்குக் கை காட்டும் ஆளாகிவிட்டீர்கள்.

பிறகு உங்களுக்கு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தீர்கள். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே விட்டார்கள். கட்டில் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு நின்றான். நீங்கள் என்னைப் பார்த்து, “எங்களுக்குள்ள ஒரு கணக்கும் இல்லை, என்ன?” என்று கேட்டீர்கள். “இல்லை, மச்சாள்,” என்றேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். உங்களை நினைத்து அழுத நாட்கள் நிறைய. ஆனால் சொல்லாமல் விட்டோமே என்று ஒருநாளும் அழவில்லை. அந்த நிம்மதியை எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

இப்போது பின்னேர நடை என்னுடையது. போன ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக அவனை உங்கள் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனபோது, கீரை விற்கும் வியட்நாமிய அம்மா ஆர்ச்சியை அடையாளம் கண்டு என்னை மறித்தார். நீங்கள் எங்கே என்பதுபோலக் கையை விரித்து, “யுவர் சிஸ்டர்?” என்று கேட்டார். இறந்துவிட்டீர்கள் என்று சொன்னேன். கையிலிருந்த கீரைக் கட்டை வைத்துவிட்டு வெளியே வந்தார். ஆர்ச்சியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னார். பிறகு என்னைக் கட்டிக்கொண்டார்.

என் கணவரின் அக்கா என்று நான் திருத்தவில்லை. ஒரு காலத்தில் உங்களுக்கு வேறு வீடு பார்க்கச் சொன்னவள், அந்தக் கடை வாசலில் தன் அக்காவை இழந்தவளாக நின்றேன். அதில் ஒரு பொய்யும் இருக்கவில்லை.