கடல் தாண்டி வந்த லைக்குகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜோசலினின் வணக்கம். அம்மாவின் முட்டிவலி குறைந்ததா? ஈப்போவில் நான் நலம், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். போனில் சொன்னால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

இங்கே பக்கத்தில் சிம்பாங் பூலாயில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜொஹரா பீவிக்கு எங்கள் கம்பெனிதான் பேஸ்புக் விளம்பரம் போடுகிறது. லைக் குவிவதைப் பார்த்து, போன சனிக்கிழமை அவர் ஒரு பெரிய சட்டி பிரியாணி கூடுதலாக ஆக்கினார். ஈ காக்காய் கூட எட்டிப் பார்க்கவில்லை.

"இத்தன பேரு லைக் போட்டாங்களே, ஒருத்தரும் வரலியேம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

தேடிப் பார்த்தால், மேனேஜர் கென்னத் அந்த விளம்பரத்தை ஈப்போவுக்குக் காட்டவே இல்லை. லைக் மலிவாகக் கிடைக்கிறதென்று இந்தோனேசியாவுக்குக் காட்டியிருக்கிறார்! கடல் தாண்டி யார் மதியச் சாப்பாட்டுக்கு வருவார்கள்?

கேட்டால், "அந்தம்மா லைக்தானே கேட்டாங்க, குடுத்தாச்சு லா" என்கிறார். விளம்பரம் அமோக வெற்றி என்று பீவிக்கு நான் ரிப்போர்ட் எழுத வேண்டுமாம். நம்பி வந்தவரை ஏமாற்றவா என்னைப் படிக்க வைத்தீர்கள்? எழுத மாட்டேன் என்றேன். பீவியிடமே போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். பயப்படாதீர்கள், கென்னத் முறைக்கிறார், அவ்வளவுதான்.

அம்மா அரைக்கும் மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே எதிலும் ருசியில்லை. லஞ்ச் நேரம் முடியப்போகிறது.

அந்த லைக்குகளில் நம் மலேசியாவிலிருந்து வந்தது ஒன்றுதான், அப்பா. என் வேலையென்று தேடிப் பிடித்து, குளுவாங்கிலிருந்து நீங்கள் போட்டது. இனி லைக் போடாதீர்கள். அம்மாவோடு பஸ் ஏறி வந்து, அந்தக் கடையில் என்னோடு ஒருவேளை சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்,
ஜோசலின்