நோபல் பார்க்கில் ஓர் இடதுகால்

நோபல் பார்க், மெல்பேர்ண்,
3 ஆகஸ்ட் 2025

மாண்புமிகு அக்ஷரா அக்காவுக்கு,

உலக உதைபந்து ரசிகர்கள் அனைவருக்கும் அறியத்தருவது: நேற்று இடைவேளையில் ஒரு வழுக்கைத்தலையர் எனக்குத் தோடம்பழத் துண்டொன்று தந்தார். நான் அதைத் தின்றேன்.

தலை யாருடையது? ஆல்வரோ பென்டிகா. உருகுவேயின் இடதுகால். பெரியப்பா கராஜ் கதவில் படம் ஒட்டிவைத்துக் கும்பிடாத குறையாகப் பார்ப்பாரே, அவரேதான். ஓய்வுபெற்று இங்கே மகளோடு இருக்கிறார். எங்கள் கிளப்பில் சின்னப் பெடியளுக்குப் பந்தடி பழக்குகிறார். "எனக்குப் பிறகு நீதான்" என்று என்னிடம் சொன்னார்.

பள்ளிக்கூடச் சோதனை முடியும்வரை பெரியம்மா உன் போனைப் பூட்டிவைத்திருப்பதால் தேடிப்பார்க்க வழியில்லை. நம்பித்தான் ஆகவேண்டும். படம் இணைத்துள்ளேன்.

வருங்கால நட்சத்திரம்,
சுஜீதன்

வெஸ்ட்மீட், சிட்னி,
10 ஆகஸ்ட்

அன்புத் தம்பி சுஜிக்கு,

நீ சுகமாகத்தான் இருப்பாய். புளுகர்களுக்குத் தடிமன் காய்ச்சல்கூட வராது.

படத்தில் உன் இடதுகால் வலதுகாலால் அடிக்கிறாரே, ஏன்? அந்த மனிதர் உங்களை நன்றாகப் பேய்க்காட்டுகிறார் போல. அப்பாவிடம் சொன்னால், "வயசு போனா கால் மாறுமடி" என்கிறார். ஒப்பரேஷனுக்குப் பிறகு வாசல் தாண்டாத மனிதர், இப்போது மெல்பேர்ண் போக பிளைட் பார்க்கிறார். அங்கே வந்து ஏமாந்தால் தாங்கமாட்டார். அந்த ஆளை நன்றாக விசாரி.

அக்ஷரா

நோபல் பார்க்,
17 ஆகஸ்ட்

அக்கா,

இடதுகாலில் வாதமாம். பெரிய மனிதரின் புண்ணைக் கிளறாதே.

அவர் புகழ் பக்கத்து ஊர் டன்டினோங்கையும் தாண்டிவிட்டது. அன்ரிமார் கட்லட்டோடு வருகிறார்கள். கையெழுத்துக்கு வரிசை, வரிசைக்கு அதிபதி நான். ஆனால் பெரியப்பா வரவேண்டாம். இங்கே சரியான குளிர்.

சுஜீதன்

வெஸ்ட்மீட்,
23 ஆகஸ்ட்

சுஜி,

நீ ஒருவரை வரவேண்டாம் என்பது இதுவே முதல்தடவை. இனி என் சந்தேகம் அவரில் இல்லை.

அப்பா டிக்கெட் எடுத்துவிட்டார். செப்டம்பர் ஆறு, சனிக்கிழமை. ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்: தான் பென்டிகா என்று அவர் தன் வாயால் சொன்னாரா?

அக்ஷரா

நோபல் பார்க்,
28 ஆகஸ்ட்

அக்கா,

இல்லை. நான்தான் சும்மா பகிடிக்குச் சொன்னேன்.

அவர் பெயர் எர்னெஸ்டோ. உருகுவேயும் வழுக்கையும் மட்டும் உண்மை. அங்கே இரண்டாம் பிரிவில் ஒரே ஒரு சீசன் விளையாடியவராம். கையெழுத்துப் போடும்போது தன் சொந்தப் பெயரைத்தான் எழுதுகிறார். ஒருவரும் வாசிப்பதில்லை.

நேற்று என்னிடம் கேட்டார்: "என் ஊரிலேயே என்னை யாருக்கும் தெரியாது. உங்கள் ஆட்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?" நான் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டினேன். சிட்னியிலிருந்து ஒருவர் வருகிறார் என்று கேள்விப்பட்டு, மகள் தகப்பனின் பழைய ஜெர்சியைத் தேடியெடுத்து அயன் பண்ணி வைத்திருக்கிறாள்.

பெரியப்பாவிடம் உண்மையைச் சொல். ஏச்செல்லாம் எனக்கு. அதற்குப் பிறகும் வர மனம் இருந்தால், வந்து கையெழுத்து வாங்கச் சொல். பெயரை வாசித்துவிட்டு வாங்கச் சொல். எர்னெஸ்டோவிடம் நான் வெள்ளிக்கிழமை சொல்லிவிடுகிறேன். சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்று. "எனக்குப் பிறகு நீதான்" என்றது தோடம்பழம் வெட்டுகிற வேலையை. இந்த சீசன் முழுக்க நான் ஆட இறங்காமல் வெளி வாங்கிலில்தான் இருக்கிறேன்.

சுஜீதன்