கொல்லிமலைக் குருவின் மூச்சு

நாள் 212, 06:10
இதைக் கண்டெடுப்பவருக்கு: எல்லாவற்றையும் நான் முன்பே சொல்லிவிட்டேன். நிலவில் இறங்கிய அன்றே இந்த ஆக்சிஜன் தொட்டியின் சத்தம் சரியில்லை என்றேன். பொறியாளர்கள் சிரித்தார்கள். இப்போது விரிசல். நான் அழகேசன், பம்பு பராமரிப்பு. எட்டாம் வகுப்புதான், ஆனாலும் நிலவில் பாதிப் பேர் என்னிடம்தான் சந்தேகம் கேட்பார்கள்.

பம்பு அறையில் நான். ஆய்வறையில் அக்கா மகள் செவ்வந்தி. நடுக்கதவு இறுகிவிட்டது. இருவருக்கும் ஒரே தொட்டி. மீட்பு வண்டி வர முப்பது மணி நேரம். காற்று இருபது மணி நேரத்துக்கு.

07:40
கவலையே இல்லை. மூச்சைக் குறைத்தால் காற்று மிஞ்சும். கொல்லிமலையில் என் குரு மூன்று நாள் மூச்சில்லாமல் உட்கார்ந்ததைப் பார்த்தவன் நான். குண்டலினி மூலாதாரத்திலிருந்து ஏறி உச்சந்தலைக்கு வந்துவிட்டால் மூச்சே வேண்டாம். வானொலியில் சொன்னேன்.

செவ்வந்தி: "மாமா, அளக்காதீங்க. நான் பாறை படிச்சவ, பச்சப்புள்ள இல்ல."

"பாறைக்கு முதுகெலும்பு ஏது? நாலு எண்ணி இழு, பதினாறு அடக்கு, எட்டு விடு."

சிரித்தாள். தொடங்கினாள்.

13:25
குளிரில் விரல்கள் மரத்துவிட்டன. எழுத்து கோணலாகிறது.

செவ்வந்தி: "முதுகுல ஏதோ சூடா ஏறுது மாமா. நெஞ்சைத் தாண்டிருச்சு. உங்க குரு நெசமாவே மூணு நாள் இருந்தாரா?"

எட்டு நாள் என்றேன். காலையில் குறைத்துச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

அவள் அறையில் கரியமில வாயு மானி சிவப்பு. இங்குள்ள பலகையில் எனக்குத் தெரிகிறது. பயந்துவிடுவாள் என்று சொல்லவில்லை.

17:02
செவ்வந்தி: "உச்சந்தலையில வெளிச்சம் மாமா. குளிரே தெரியல. வந்துருச்சு. என் பக்கத்துக் குழாய மூடிட்டேன், என் பங்கையும் நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு இனி வேண்டாம்ல?"

17:03
திற என்றேன். திருகு அவள் பக்கம்.

17:20
திற என்கிறேன்.

19:30
பதில் இல்லை. கதவைத் தட்டித் தட்டியும் கை வலிக்கவில்லை. கை எங்கே என்றே தெரியவில்லை. என் பக்கத்து ஆக்சிஜன் மானி பச்சைக்கு வந்திருக்கிறது. வண்டி வரும்வரை எனக்குத் தாராளம்.

கொல்லிமலைக்கு ஒரே ஒரு முறை போனேன். ஒரு தோட்டத்தில் மோட்டார் பொருத்த. சாயங்காலமே பஸ் ஏறிவிட்டேன். அங்கே எனக்குக் குரு என்று யாரும் இல்லை.