பத்து எண்ணும் வரை

அன்பும் பிடிவாதமும் குறையாத என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். உங்கள் இருமல் நின்றதா, டாக்டர் கொடுத்த மருந்தைக் குடிக்கிறீர்களா, இல்லை வழக்கம்போல அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா? இதற்கெல்லாம் பிறகு பதில் சொல்லலாம். முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். இந்தக் கடிதம் கைக்கு வரும்போது நீங்கள் நடுநிலையத்தில் இருப்பீர்கள். தண்ணீர் நிரப்புவதற்காகக் கப்பல் அங்கே மூன்று நாள் நிற்கும். உங்கள் பெட்டியைக் கப்பலிலிருந்து இறக்கிவிடுங்கள். இறக்கிவிட்டு மேலே படியுங்கள்.

நீங்கள் கிளம்பிவிட்டதாக எழுதிய கடிதம் நேற்று வந்தது. "நாலு வருஷமா நீயும் தரை பத்து, தரை பத்துன்னுதான் எழுதுற. தரையும் நல்லா இருக்கு, என் நெஞ்சும் நல்லா இருக்கு. அப்புறம் நான் எதுக்கு இங்க தனியா கெடக்கணும்?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தரை பத்து இல்லை. இன்று காலை மூன்று.

உங்களுக்குத் தெரியாததா? இந்த எரிமலைக் கிரகத்துக்கு வந்த முதல் நாளே நமக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன் உள்ளங்கையைத் தரையில் வைத்து எண்ண வேண்டும். பத்து வரை கை தாங்கினால் வெறுங்காலோடு நடக்கலாம். ஏழு என்றால் குழந்தைகளைத் தரையில் விடக் கூடாது. ஐந்து என்றால் பள்ளிக்கூடம் கிடையாது. மூன்று என்றால் ஊரே மூட்டை கட்ட வேண்டும். நீங்கள் இருந்த காலத்தில் ஒன்பதுக்குக் கீழே இறங்கியதே இல்லை. ஒரு முறை ஒன்பது வந்ததற்கே நீங்கள் குழாய்ச் சாவியைத் தூக்கிக்கொண்டு தரையைக் குளிரவைக்க ஊரில் ஓடும் அத்தனை நீர்க்குழாயையும் தட்டிப் பார்த்தீர்கள். ஒன்பதுக்கே அப்படி ஓடியவருக்கு ஏழு என்று எப்படி எழுதுவது, சொல்லுங்கள்.

முதலில் ஏழு வந்தது நீங்கள் வைத்தியத்துக்காகப் போன இரண்டாம் வருடம். அப்போதுதான் உங்கள் நெஞ்சில் இருந்த சாம்பல் கொஞ்சம் இளகியிருக்கிறது, கவலையே கூடாது என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதனால் பத்து என்று எழுதினேன். அடுத்த மாதம் ஆறு. போன மாதம் பத்து என்று சொன்னவள் திடீரென்று ஆறு என்றால் நன்றாகவா இருக்கும்? மறுபடியும் பத்து. அப்புறம் கை தானாகவே பத்து என்று எழுதப் பழகிவிட்டது.

உங்களைக் கவலைப்படுத்தக் கூடாது என்றுதான் எழுதினேன் என்று சொன்னால் அதுவும் பாதிப் பொய்தான். தரை நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. வா என்று கூப்பிட வாய் வரவில்லை, வராதே என்று சொல்லவும் மனம் வரவில்லை. அந்தப் பத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது நீங்கள் உண்மையாகவே கிளம்பிவிட்டீர்கள். படித்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது. பயம் அதற்கு அப்புறம்தான் வந்தது. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஊர்ச் செய்தி கேட்பீர்கள். ஊரில் சொல்லும்படி ஊர் இல்லை. டீச்சரும் பிள்ளைகளும் போன கப்பலிலேயே போய்விட்டார்கள். கீழ்வீட்டு அக்கா கட்டில் கால்களைத் தண்ணீர் டப்பாவில் நிற்க வைத்துச் சமாளித்துப் பார்த்தாள், டப்பாத் தண்ணீர் காலைக்குள் வற்றிவிட, அவளும் கிளம்பிவிட்டாள். அவள் போனதிலிருந்து நான் சத்தமாகப் பேச ஆளில்லை. உங்கள் சட்டை ஒன்று ஆணியில் தொங்குகிறது, அதனிடம் திட்டிக்கொண்டிருக்கிறேன். உங்களைப் போலவே அதுவும் காதில் வாங்குவதில்லை. கேன்டீன்காரர் மட்டும் இன்னும் இருக்கிறார். அடுப்புப் பற்றவைப்பதை நிறுத்திவிட்டார். கெட்டிலைத் தரையில் வைத்தால் போதும், டீ தயாராகிவிடுகிறது. "எரிபொருள் மிச்சம்மா" என்று சிரிக்கிறார். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

இறங்குதளத்தில் நிற்கும் கடைசிக் கப்பல் இன்னும் ஒன்பது நாளில் கிளம்புகிறது. மீதி இருக்கும் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு நடுநிலையத்துக்குப் போகும். எட்டு மாதப் பயணம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் நேராகக் குடியிருப்பு அதிகாரியிடம் போனேன். என் வீட்டுக்காரர் வருகிறார், நான் மட்டும் இருந்து இறங்குதளத்தில் விளக்குப் போடுகிறேன் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். "வெளக்கு போடலாம்மா, ஆனா எறங்குறவருக்கு நிக்கத் தரை வேணாமா?" என்று மட்டும் கேட்டார். என் ஷூவின் அடி தரையில் லேசாக ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று காலை இறங்குதளத்துக்குப் போய்ப் பன்னிரண்டு விளக்கையும் கழற்றிவிட்டேன். பன்னிரண்டில் ஒன்று குறைந்தாலும் எந்தக் கப்பலும் இங்கே இறங்காது, மேலேயே சுற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒன்றைக் கழற்றினால் போதுமே என்று கேன்டீன்காரர் சொன்னார். எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. ஒன்று என்றால் ஏறும் முன் ஓடிப்போய் மாட்டிவிடுவேன். பதினொரு வருடமாக அந்தக் கண்ணாடிகளை ஈரம் படாமல் துடைத்து, வருகிற கப்பலுக்கெல்லாம் ஏற்றியவள் நான். நீங்கள் வருகிற கப்பலுக்கு ஏற்றக் கூடாது என்று கழற்றியபோது அழுதுவிட்டேன். கேன்டீன்காரரைத் தவிர யாரும் பார்க்கவில்லை, பார்க்க ஆளும் இல்லை.

இப்போது கணக்கைக் கேளுங்கள். இந்தக் கடிதம் நம் ஆன்டெனாவிலிருந்து கிளம்பி நடுநிலையம் வந்து சேர நாற்பத்தொரு நாள் ஆகும். உங்கள் கப்பல் அங்கிருந்து கிளம்ப நாற்பத்து மூன்று நாள் இருக்கிறது. ஓடுகிற கப்பலுக்குக் கடிதம் போகாது. நீங்கள் இறங்கிக் காத்திருந்தால் எட்டு மாதத்தில் நான் அங்கே வந்து இறங்குவேன். கடிதம் தவறி நீங்கள் கிளம்பிவிட்டால் உங்கள் கப்பலும் என் கப்பலும் எங்கேயோ நடுவில் ஒன்றையொன்று தாண்டிப் போகும். நீங்கள் இங்கே வந்து பார்க்கும்போது கீழே இருட்டாக இருக்கும். அடுத்த ஊர் நான்கு வருடத் தொலைவு. திரும்பி வர இன்னொரு நான்கு.

அப்படி இருட்டைப் பார்த்தால் நான் செத்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். என் கையால்தான் கழற்றினேன். இதை நீங்கள் படித்துவிட்டால் இந்த வரிக்கு வேலை இல்லை, படிக்காவிட்டால் எழுதியும் பிரயோஜனம் இல்லை. தெரிந்தும் எழுதுகிறேன்.

பொய் சொன்னதற்கு என்ன திட்டுவதானாலும் நேரில் திட்டுங்கள். எட்டு மாதம் யோசித்து நன்றாகவே திட்டலாம், நான் வாய் திறக்க மாட்டேன். அதுவரை மருந்தைக் குடியுங்கள். நான் இறங்கி வரும்போது கையை நீட்டுங்கள். பிடித்துக்கொண்டு பத்து எண்ணும் வரை விடமாட்டேன்.

உங்கள் மூச்சு சீராக இருக்கட்டும். உங்கள் கப்பல் தாமதமாகட்டும்.

இப்படிக்கு,
ஏற்றவும் தெரிந்து, கழற்றவும் தெரிந்த
உங்கள் விளக்குக்காரி

பி.கு.: இதை இரண்டாம் முறையாக அனுப்புகிறேன். நேற்று அனுப்பும்போது பாதியில் சாம்பல் மழை பிடித்து ஆன்டெனாவை மூடிவிட்டது, எவ்வளவு போயிற்று என்று தெரியவில்லை. கையில் இருந்த இரண்டு நாளில் ஒன்று போய்விட்டது. கேன்டீன்காரர் ஏணி போட்டு ஏறித் துடைத்துக் கொடுத்திருக்கிறார். இப்போது வானம் கொஞ்சம் தெரிகிறது. இரண்டும் வந்து சேர்ந்தால் சிரிக்காதீர்கள். இது மட்டும்தான் வந்தது என்றால், இன்னும் ஒரே நாள்தான் இருக்கிறது. பெட்டியை இறக்கிவிட்டீர்களா?