பதினாறாம் பக்கத்தில் விட்டுப்போன வரி

ஸ்ரீராமஜெயம்

விளாங்குடி, மதுரை
ஆவணி 20

அன்பு மகள் ஸ்ரீவர்ஷினிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே நீ சுகமாக இருக்கிறாய் என்பது அம்மாவின் போன் வழியாகத் தினமும் என் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது, இருந்தாலும் கடிதம் என்றால் கேட்டாக வேண்டும், ஆகவே கேட்கிறேன், உடம்பு எப்படி இருக்கிறது. எட்டு மாதமாகப் பேசாத மனுஷன் திடீரென்று கடிதம் எழுதுகிறாரே என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் பால்வீதிப் புத்தகம் அச்சாகிவிட்டது, பத்துப் பிரதி பார்சலில் ஜெர்மனிக்கு அனுப்புகிறேன், அதற்குள் இதை வைக்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ ஒரு கேள்வி கேட்டால் எனக்குக் கோபம் வந்துவிடும், எழுதினால் நடுவில் யாரும் குறுக்கே வர முடியாது. நம் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் எழுதலாம் என்றால் வாயில் வருகிறது கையில் வரவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவனுக்குத் தமிழ்தான் வாகு.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஏறிக்கொண்டுதான் இருக்கிறாள். திண்டுக்கல் ரோட்டில் நம் அச்சகத்துக்கு முன்னால் மறுபடியும் தோண்டியிருக்கிறார்கள், எதற்கு என்று தோண்டுகிறவர்களுக்கே தெரியவில்லை. பலகை போட்டு அதன் மேல் நடந்துதான் வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். ஆவணி முகூர்த்தங்கள் என்பதால் வேலை நெருக்கடி. நீ அங்கே குளிர் ஆரம்பிப்பதற்கு முன்பே கம்பளிக் காலுறை வாங்கி வைத்துக்கொள், போன வருஷம் போல இருமி இருமி அம்மாவை அழவைக்காதே.

இனி புத்தக விஷயம். சமயநல்லூர் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர் கேட்டார், பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி நம் பால்வீதியைப் பற்றி முப்பத்திரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன், அப்பாவை அடித்துக் கொடுக்கச் சொல் என்று நீ அம்மாவிடம் சொன்னாய். ஆடி மாதம், கல்யாணம் இல்லை, மிஷின் சும்மா கிடந்தது, சரி என்றேன். உனக்காக அல்ல, மிஷினுக்காக என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். புரூஃப் பார்க்கிறவன் எழுத்தைப் பார்க்க வேண்டும், பொருளைப் பார்க்கக் கூடாது, பொருளில் மனசு போனால் பிழை கண்ணுக்குத் தப்பிவிடும். முப்பத்தோரு வருஷமாக அப்படித்தான் பார்த்து வந்திருக்கிறேன். எத்தனையோ ஆயிரம் கல்யாணம் என் கையைத் தாண்டிப் போயிருக்கிறது, ஒரு மாப்பிள்ளையின் பெயர்கூட நினைவில் இல்லை. உன் புத்தகத்தில்தான் முதல் தடவையாகப் பொருளுக்குள் விழுந்தேன். ஒன்பது இடத்தில் ஒற்று விட்டிருந்தாய், அதைத் திருத்தினேன், அது வேறு விஷயம்.

நாம் குடியிருக்கிற இந்த விண்மீன் கூட்டம் குறுக்கே ஒரு லட்சம் ஒளியாண்டு, கனத்தில் அதற்கு நூற்றில் ஒரு பங்குதான் என்று எழுதியிருந்தாய். நடுவில் மட்டும் உப்பல், ஓரம் மெலிசு, ஆகவே இது ஆஃப்பாயில் மாதிரி என்று ஒரு உவமை வேறு. நம் வீட்டில் முட்டை உடைத்ததே கிடையாது, ஜெர்மனிக்குப் போன பிறகு நீ என்ன சாப்பிடுகிறாய் என்று நான் கேட்கவில்லை. அதை ஆப்பம் என்று மாற்றலாமா என்று அம்மா மூலமாகக் கேட்டேன், நீயும் சரி என்றாய். சூரியன் அந்த ஆப்பத்தின் நடுவிலும் இல்லை, மொறுமொறுப்பான ஓரத்திலும் இல்லை, இரண்டுக்கும் இடையில் நடுவிலிருந்து இருபத்தாறாயிரம் ஒளியாண்டு தள்ளி ஒரு சுருள்கையின் கிளையில் இருக்கிறது, ஒரு சுற்றுச் சுற்றி வர இருபத்து மூன்று கோடி வருஷம் ஆகிறது, ஆப்பத்துக்கு உள்ளேயே இருந்து பார்ப்பதால்தான் அது நமக்கு வானத்தில் ஒரு பட்டையாகத் தெரிகிறது என்பதெல்லாம் படித்தேன். நடுவில் நாற்பது லட்சம் சூரியனின் எடையோடு ஒரு கருந்துளை உட்கார்ந்திருக்கிறது என்று படித்தபோது அச்சகத்தில் ஒரு நிமிஷம் எழுந்து நின்றுவிட்டேன். இதையா என் மகள் ஆராய்ச்சியில் தினமும் பார்க்கிறாள் என்று பெருமையாக இருந்தது. சொல்ல ஆள் இல்லை. உன்னிடம் பேசுவதில்லை, அம்மாவிடம் சொன்னால் அப்படியே உனக்கு வந்துவிடும்.

ஆப்பத்தை உன்னைக் கேட்டு மாற்றினேன். கேட்காமல் செய்த மாற்றம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பதினைந்தாம் பக்கத்தில் பால்வீதி எப்படி உண்டாயிற்று என்று ஆரம்பிக்கிறாய். ஆதியில் வாயுக்கூட்டம் ஒன்றாக விழுந்து, சுழன்று, தட்டையாகி, அதில் விண்மீன்கள் பிறந்தன என்று வருகிறது. பதினாறாம் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாய்: ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன்பு வெளியிலிருந்து ஒரு சிறிய விண்மீன் கூட்டம் வந்து நம் பால்வீதியோடு கலந்தது, அதோடு வந்த விண்மீன்கள் இன்றும் இங்கேதான் சுற்றுகின்றன, அவையும் நம் பால்வீதிதான். நீ பார்த்துச் சரி சொல்லி அனுப்பிய கடைசிப் புரூஃபில் அந்த வரி இருந்தது. அச்சுக்குப் பிளேட் போடப்போகிற நேரத்தில் அதை மறுபடியும் படித்தேன். எனக்குச் சுருக்கென்றது. முத்துப்பாண்டியைக் கட்டிக்கொள்கிறேன் என்று தை மாதம் நீ சொன்னதற்கு, நம் ஜனம் இல்லை, நம் பேச்சு இல்லை, வெளியிலிருந்து ஒருவன் நம் வீட்டுக்குள் வேண்டாம் என்று நான் சொன்னேன் அல்லவா, அதற்குத்தான் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் ஒளிந்துகொண்டு பதில் சொல்கிறாய் என்று நினைத்தேன். சிவப்புப் பென்சிலால் அந்த வரியை அடித்தேன். இந்தத் தொழிலில் எழுதியவரைக் கேட்காமல் ஒரு சொல்லை எடுத்தது அதுவரை இல்லை. மகளுடையதை எடுத்தேன்.

ஐநூறு பிரதியும் அடித்து மடித்துப் பின் போட்டு மேஜையில் அடுக்கியாயிற்று. பக்கத்து மேஜையில் ஆவணிப் பத்திரிகைகள். உனக்குத்தான் தெரியுமே, மூலையில் மஞ்சள் வைக்காமல் ஒரு பத்திரிகையை நம் அச்சகத்தில் வேலை பார்க்கும் சீனியம்மாள் படி தாண்ட விடமாட்டாள், பதினெட்டு வருஷமாக அதுதான் அவள் வழக்கம். நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் இந்த மேஜைக்கும் சேர்த்து வைத்து முடித்துவிட்டாள். ஐநூறு பால்வீதிக்கும் நாலு மூலையிலும் மஞ்சள். கேட்டால், அடுக்குனதெல்லாம் பத்திரிகைன்னுல்ல நெனச்சேன், வச்ச மஞ்சளத் தொடச்சா நல்லாருக்காது மொதலாளி, அப்படியே இருந்துட்டுப் போகுது என்கிறாள்.

இந்த நிலையில்தான் டீச்சர் புத்தகம் வாங்க வந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும், பலகை மேல் ஸ்கூட்டரையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். மஞ்சளைப் பார்த்துச் சிரித்தார், நல்லதாப் போச்சுய்யா, பிள்ளைக கிழிக்காம வச்சுக்கும்ங்க என்றார். உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். கல்யாணப் பத்திரிகை வாங்க வருகிறவர்கள் பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள், இவர் வரிவரியாகப் படிக்கிறார். அதற்குள் அம்மா போன் செய்தாள், நான் நம் பேச்சில் பேசி வைத்தேன். நீங்க பேசுறது என்ன பாஷைய்யா என்று கேட்டார். எல்லோரும் கேட்கிற கேள்வி, நானும் எல்லோருக்கும் சொல்கிற பதிலைச் சொன்னேன். எங்க முன்னோருக குஜராத் பக்கத்துல இருந்து வந்தவங்கம்மா, அது ஆச்சு எத்தனையோ நூறு வருஷம், இப்ப நாங்களும் மதுரைக்காரங்கதான், எங்கள வந்தவங்கன்னு ஒருத்தர் சொல்ல முடியாது என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. டீச்சர் தலையாட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். பதினாறாம் பக்கம்.

அங்கே நின்றுவிட்டார். இரண்டு தடவை படித்தார். அதனால்தான் பால்வீதியின் தட்டுக்கு வெளியே மேலும் கீழும் சில விண்மீன்கள் நீளநீளமான பாதையில் போகின்றன, அவற்றில் இரும்பும் குறைவு என்று அடுத்த வரி ஆரம்பிக்கிறது. அதனாலதான்னு இருக்கு, எதனாலன்னு இல்லையேய்யா, பிள்ளைக முதல் கேள்வியே இதத்தான் கேக்கும்ங்க என்றார். நீ அவருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தாய் போலிருக்கிறது, போனை எடுத்து ஒத்துப்பார்த்து, ஒரு வரி விட்டுப்போச்சு என்று காட்டினார். நான் மிஷின்ல விட்டுப்போயிருக்கும்மா என்றேன். வர்ஷினி, வாய் கூசாமல் சொன்னேன். மிஷின் எப்படியம்மா ஒரு வரியை மட்டும் விடும். அவருக்கும் அது தெரிந்திருக்கும். கிளம்பும்போது வாசலில் நின்று, சொல்லாமப் போனா தப்பாயிரும்யா, நான் சத்யப்ரியா, முத்துப்பாண்டிக்கு அக்கா, உங்களச் சங்கடப்படுத்த வரல, புத்தகம் மெய்யாவே பிள்ளைகளுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு முன்பே தெரியுமாம். இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் எதுவும் தெரியாது.

நல்லவேளையாக அது நடுத்தாளில் வந்தது, ஒரு தாளை மட்டும் மாற்றினால் போதும். மறுநாள் காலையில் அந்த வரியைப் பழையபடி சேர்த்து ஐநூறு தாள் அடித்தேன். நானும் அம்மாவும் சீனியம்மாளும் உட்கார்ந்து ஐநூறு புத்தகத்திலும் பின்னைக் கழற்றி, தாளை மாற்றி, மறுபடி பின் போட்டோம். விரல் நுனியெல்லாம் குத்திவிட்டது. எதற்கு இந்த வேலை என்று சீனியம்மாள் கேட்டாள், நான் செய்த தப்பு என்றேன். புது நடுத்தாளுக்கு மஞ்சள் தேவையா என்று சீனியம்மாள் ஒரு சந்தேகம் கேட்டாள், தேவையில்லை, சுற்றி இருக்கிறதே போதும் என்றேன்.

கட்டுகளை ஆட்டோவில் ஏற்றி நானே சமயநல்லூர் போனேன். இங்கே ஒரே பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிற இரண்டு வீட்டுப் பிள்ளைகள், நீயும் முத்துப்பாண்டியும், ஜெர்மனிக்குப் போய் அங்கே ஒரு பொங்கல் விழாவில்தான் சந்திக்க வேண்டியிருந்தது என்று வழியில் நினைத்துக்கொண்டேன். டீச்சர் என்னை வகுப்பின் பின்பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உடனே ஒரு பிரதியைப் பிரித்துக் கொடுத்து ஒரு பிள்ளையைப் படிக்கச் சொன்னார். நான் அடித்து நீக்கியிருந்த வரியை அந்தப் பிள்ளை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தது. இன்னொரு பிள்ளை எழுந்து, டீச்சர், அப்ப வந்தது எது, மொதல்லருந்து இருந்தது எதுன்னு அந்த நட்சத்திரத்துக்குத் தெரியுமா என்று கேட்டது. அதுக்கு எங்கிட்டுத் தெரியும், வர்ஷினி அக்கா மாதிரி ஆளுக உக்காந்து கணக்குப் போட்டாத்தான் தெரியும் என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கண்ணாடியைத் துடைப்பது மாதிரி சமாளித்தேன்.

வீடு பக்கத்துலதான்யா, அப்பா இருக்காங்க, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க என்றார். நான் போகவில்லை. கோபத்தில் அல்ல. முதல் தடவை அந்தப் படி ஏறும்போது உன் அம்மாவும் கூட இருக்க வேண்டும், கையில் தாம்பூலம் இருக்க வேண்டும், ஆட்டோக்காரனை நிறுத்தி வைத்துக்கொண்டு போகிற இடம் இல்லை அது. வருகிற வெள்ளிக்கிழமை போகிறோம். அம்மா இப்போதே மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் என்ன பூ வாங்குவது என்று ஆரம்பித்துவிட்டாள். எட்டு மாதம் உன்னை அழவைத்தேன். வருத்தமாக இருக்கிறது என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன். நான் சிவப்புப் பென்சிலால் அடித்த அந்தப் பழைய புரூஃப் தாளையும் பார்சலில் வைத்திருக்கிறேன். நீ பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றியது.

நேரத்துக்குச் சாப்பிடு, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. எல்லா நன்மையும் பெற்று நீயும் அந்தப் பையனும் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று ராமனை வேண்டிக்கொள்கிறேன். ஒன்றை மறக்காதே. முத்துப்பாண்டியின் தாத்தா பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், ஊர், படிப்பு, இனிஷியல் எல்லாம் தெளிவாக எழுதி அனுப்பச் சொல். உங்கள் கல்யாணப் பத்திரிகைக்கு நேற்றே பக்கம் கட்டிவிட்டேன், நம் பக்கத்துப் பெயரெல்லாம் போட்டாயிற்று, மாப்பிள்ளை வீட்டார் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. கடைசிப் புரூஃபை உனக்கு அனுப்புகிறேன். இந்தத் தடவை நீ பார்த்துச் சரி என்று எழுதிய பிறகு ஒரு எழுத்தையும் தொடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஹரிராம்